நன்னாரி வேரை முகர்ந்து பார்க்கும் பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

அம்மா, உங்கள் மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. நிலத்தை விற்றாவது மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடலாம் என்கிறார் அவள் பெரியப்பா. நீங்கள் தூக்கமில்லாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லிப் பயனில்லை, நேராகவே சொல்கிறேன்: நிலத்தை விற்காதீர்கள். அந்த சீட்டுக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். விடுதிச் செலவு தனி. முடித்ததும் எம்.டி. படிக்க மறுபடி ஒரு நீட். பத்தாவது படிக்கும் தம்பிக்கு அப்புறம் என்ன மிஞ்சும்? யோசனை சொல்கிற பெரியப்பா வட்டி கட்ட வரமாட்டார்.

"படிக்க உட்காரச் சொன்னால் நன்னாரி வேரை நசுக்கி முகர்ந்துகொண்டு, இந்த வாசனை எதனால் வருகிறது என்று கேட்கிறாள்" என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

அவளிடம் சொல்லுங்கள்: அந்த மணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற பொருளால் வருகிறது. வனிலா மணத்துக்குக் காரணமான வனிலினிலும் அதே அணுக்கள்தான், அதே எண்ணிக்கையில். அடுக்கு மட்டும் வேறு. இப்படி ஒரு வேருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்தறிவதையே தொழிலாகக் கொண்ட துறை இயற்கைப் பொருள் வேதியியல்.

வேரை நிழலில் உலர்த்திப் பொடித்து, முதலில் ஹெக்சேன், பிறகு எத்தில் அசிடேட், கடைசியில் மெத்தனால் என்று ஒவ்வொரு கரைப்பானிலும் சாறு இறக்குவார்கள். கரைப்பானை ஆவியாக்கினால் பிசின்போல ஒரு கருஞ்சாறு மிஞ்சும். அதைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிக் கரைப்பானை ஊற்றினால், ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு வேகத்தில் இறங்கும். அதைச் சொட்டுச் சொட்டாகச் சோதனைக் குழாய்களில் பிடிப்பார்கள். எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்று டி.எல்.சி. எனப்படும் சிலிக்கா பூசிய தகட்டில் புள்ளியாக வைத்து, கரைப்பானில் ஏற விட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒற்றைப் புள்ளி தெரிந்தால் பொருள் ஏறக்குறைய தூய்மையாகிவிட்டது என்று அர்த்தம். வலுவான காந்தப் புலத்தில் வைத்துப் பார்க்கும் என்.எம்.ஆர். கருவி அதன் மூலக்கூறு அமைப்பைக் காட்டும். பிறகுதான் சோதனை: பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிறதா, எவ்வளவு குறைந்த அளவில் தடுக்கிறது, நல்ல செல்களையும் கொல்கிறதா. டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் சேர்த்தால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் அதை மஞ்சளாக்கிவிடும். கண் முன்னாலேயே நிறம் மாறும். இவள் அதை விடமாட்டாள்.

சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரிலிருந்து 1931இல் டெல்லியில் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அஜ்மலைன் என்ற பொருளைப் பிரித்தார். இதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறிய இன்றும் அது பயன்படுகிறது. அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்த ரெசர்பின் ரத்த அழுத்த மருந்தானது.

வழி இதுதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி ஐ.ஐ.டி.யில் சேரலாம். பிறகு தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய். லக்னோவின் சிமாப், ஜம்முவின் ஐ.ஐ.ஐ.எம். இரண்டும் மூலிகை ஆய்வுக்கென்றே இயங்கும் மத்திய அரசு நிறுவனங்கள். முனைவர் பட்டம் வேண்டாமென்றால், கலவையில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை உண்டு.

தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு ஆகலாம். வாரக்கணக்கில் குழாய் குழாயாகப் பிடித்தும் கலவையாகவே வரும் நாட்கள் உண்டு. அந்தப் பொறுமை அவளிடம் இருக்கிறதா என்பதை அவளே சொல்ல வேண்டும். பெரியப்பாவோ நீங்களோ நானோ அல்ல. பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, அவளை ஒரு நாள் ஆய்வகத்தில் உட்கார வையுங்கள். பிடித்திருந்தால் கலைக் கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன் போட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்றாள் என்றால் மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். எதுவானாலும் நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.