கலையும் விஞ்ஞானமும் ஒரே பட்டத்தில்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றி, பெறுபேறும் வந்துவிட்டது. மருத்துவத்துக்கு எனது இசட் புள்ளி போதாது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்கோ, இங்கே அதன் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவத்துக்கோ இடம் கிடைக்கக்கூடும் என்கிறார்கள். எனக்கு உயிரியல் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுக்கு வரலாறும் இலக்கியமும் பிடிக்கும். சாதாரண தரத்துக்குப் பிறகு அவற்றைத் தொடவே வாய்க்கவில்லை. இலண்டனிலும் கனடாவிலும் கலையையும் விஞ்ஞானத்தையும் சேர்த்து ஒரே இளமாணிப் பட்டமாகப் படிக்கலாம் என்று அறிந்து, ரொறன்ரோவில் இருக்கும் மாமாவிடம் கேட்டேன். 'வா, பார்க்கலாம்' என்றார். காணியை விற்றாவது அனுப்புவதாக அப்பா சொல்கிறார். ஆனால் எனது பாட ஆசிரியர், 'அது இரண்டு தோணியில் கால் வைக்கிற படிப்பு, முடித்துவிட்டு வந்தால் உன்னைப் பள்ளிக்கூடத்தில்கூட எடுக்கமாட்டார்கள்' என்று சொல்லிவிட்டார். அது உண்மையிலேயே ஒரு படிப்புத்தானா? இங்கே அதற்கு வழி உண்டா? பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஆசிரியர் உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னதில் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். படிப்பைப் பற்றி அவர் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இத்தகைய பட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் அநேகர், இரண்டு துறைகளிலும் இலகுவானவற்றைப் பொறுக்கி எடுத்து மூன்று ஆண்டுகளை ஓட்டிவிடலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. இலண்டன் யுனிவர்சிற்றி கொலிஜில் 2012 இல் ஆரம்பிக்கப்பட்ட கலை விஞ்ஞானப் பட்டத்தில், விஞ்ஞானத்தைப் பிரதான பாதையாக எடுக்கிற மாணவி கலைப் பக்கத்தில் ஒரு துணைப் பாதையைக் கட்டாயம் எடுக்கவேண்டும். கலையைப் பிரதானமாக எடுத்தவருக்கும் விஞ்ஞானப் பக்கத்தில் அதே கட்டாயம் உண்டு. இதற்கு மேலாக, அறிவு எவ்வாறு உருவாகிறது என்பது பற்றிய பொதுப் பாடங்களும், எண்சார் ஆய்வு முறைகளும், ஒரு பிற மொழியும் அங்கே வகுக்கப்பட்டிருந்தன. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1981 முதல் நடந்துவரும் கற்கைநெறியோ சிறு தொகையினரை மாத்திரமே சேர்த்துக்கொண்டு, அவர்கள் நுண்கணிதத்தையும் எழுத்துப் பயிற்சியையும் ஒருங்கே கற்கும்படி வகுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முந்தியது இங்கிலாந்தின் கீல். 1949 இல் நிறுவப்பட்ட அந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. முதலாம் ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் பொதுவான அடித்தள ஆண்டாக இருந்தது. ஒரு மாணவர் தமக்குப் பிடிக்காத பக்கத்திலும் பரீட்சை எழுதவேண்டியிருக்கும் ஒரு படிப்பை மென்மையான படிப்பு என்று எவரும் சொல்லமுடியாது.

சாதாரண தரத்துக்குப் பிறகு இலக்கியத்தைத் தொட வாய்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலின் வேர் இருக்குமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். இலங்கைப் பிள்ளை பதினாறு வயது வரைக்கும் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறையும் கட்டாயமாகவும், மேலும் மூன்றைத் தெரிவாகவும் படிக்கிறது. உலகத்தில் எங்கும் மெச்சத்தக்க அகலம் அது. அடுத்த வருடமே 'பயோவா, மெட்ஸா, கொமர்ஸா, ஆர்ட்ஸா' என்று கேட்டு, மூன்றே பாடங்களுக்குள் பிள்ளையை அடைத்துவிடுகிறோம். உயிரியல் படிக்கிற பிள்ளை அதன் பிறகு தமிழில் நாலு பக்கக் கட்டுரை எழுதுவதில்லை. கலைப் பிரிவுப் பிள்ளை ஒரு வரைபைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. இந்த ஏற்பாட்டை நாம் பெற்றுக்கொண்டது இங்கிலாந்தில் இருந்து. 1959 இல் கேம்பிரிட்ஜில், விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்னோ 'இரு பண்பாடுகள்' என்ற உரையை நிகழ்த்தியபோது அவர் குறைப்பட்டுக்கொண்ட காரணங்களில் ஒன்று, இங்கிலாந்துப் பள்ளிகள் பிள்ளைகளை வேளைக்கே துறை பிரித்துவிடுகின்றன என்பதாகும். இலண்டனிலும் கீலிலும் செய்தவை அந்தப் பிரிவைப் பல்கலைக்கழகத்தில் வைத்துத் தைத்துப் பார்க்கும் முயற்சிகள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். எங்களிடத்தில் அனுமதியே பிரிவு வாரியான இசட் புள்ளியையும் மாவட்டப் பங்கீட்டையும் கொண்டு தீர்மானிக்கப்படுவதால், பதினாறு வயதில் போட்ட கோடு இருபத்தைந்து வயது வரை அழியாமல் கூடவே வருகிறது.

ஆனாலும், இரண்டு துறைகளை ஒரே நேரசூசியில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் அவை தாமாகவே சேர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. திங்கட்கிழமை தாவரவியல், செவ்வாய்க்கிழமை சிலப்பதிகாரம் என்று படித்து முடித்த ஒருவரிடம் இரண்டு அரைப் பட்டங்கள் இருக்கலாம். அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவேண்டும் என்ற அவசியம் இல்லை. இரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்கும் ஒரு கேள்வி இருந்தால்தான் இந்தப் படிப்புக்கு உயிர் வரும்.

நீங்கள் எத்தனையோ தடவை போயிருக்கக்கூடிய கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு சுவர் கட்டிய ஏழு சதுரக் கிணறுகள், ஒன்றிலிருந்து மற்றதற்கு நாலைந்து எட்டுத்தான். ஆனாலும் ஒரு கிணற்று நீரை வாளியில் அள்ளி அப்படியே தலையில் வார்க்கலாம், இன்னொன்றின் நீரை வார்க்கும்போது தோள் சட்டென்று ஒடுங்கும். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலெழுகிறது. மகா ஓயா முதலிய இடங்களின் வெந்நீரூற்றுகளைப் போலக் கன்னியாவும், இலங்கையின் பழம் பாறைத் தொகுதிகளில் இரண்டான உயர்நிலத் தொகுதிப் பாறைகளும் விஜயன் தொகுதிப் பாறைகளும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய வலயத்தில் வைத்துப் பேசப்படுகிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை அளந்தால், அது ஆழத்தில் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதைக் கணித்துவிடலாம். சூடு கூடக்கூடச் சிலிக்காவின் கரைதிறனும் கூடும் என்ற, நீங்கள் உயர்தர இரசாயனவியலிலேயே விளங்கிக்கொள்ளக்கூடிய விடயந்தான் அதற்கு ஆதாரம். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவது, மேல்மட்டத்துக் குளிர்ந்த நிலத்தடி நீர் வெவ்வேறு அளவில் கலப்பதனாலா என்பதையும் அளந்தே சோதிக்கலாம்.

இந்த அளவீடுகள் எல்லாம் முடிந்த பின்னரும் கன்னியாவைப் பற்றிய கேள்விகளில் பாதி அப்படியே கிடக்கும். இராவணன் தனது தாயின் அந்திமக் கிரியைக்காக நிலத்தைக் குத்தி நீர் வருவித்த கதை எப்போது இந்த ஊற்றுகளோடு சேர்ந்தது? இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய நமது சனம் இங்கே வருவதற்கும் நீர் சூடாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா? இந்த இடத்தின் உரிமை பற்றி நீதிமன்றம் வரைக்கும் சென்ற பிணக்கில் தொல்லியல் சான்று எது, மரபுவழி உரிமை எது, சட்டம் எதை எவ்வாறு நிறுத்துப் பார்க்கிறது? இவற்றுக்கு வெப்பமானி உதவாது. அதேவேளை, ஐதீகத்தை மாத்திரம் எழுதுகிறவர் நிலத்தடி நீரைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருந்தால், சுற்றாடலில் குழாய்க் கிணறுகள் பெருகினால் இந்த ஊற்றுகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அவரால் ஒரு வாக்கியமும் எழுதமுடியாது. உங்களிடம் இப்படி ஒரு கேள்வி இருக்குமானால் கலப்புப் படிப்பு உங்களுக்கு உரியது. 'எனக்கு இரண்டும் பிடிக்கும்' என்பது மாத்திரமே காரணமாக இருந்தால், அதற்கு ஒரு பட்டம் தேவையில்லை. ஒன்றைப் படித்துக்கொண்டு மற்றதை வாசித்து மகிழலாம்.

இதற்கு நம்மிடையே முன்மாதிரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1823 இல் தொடங்கி 1855 இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி என்ற மிஷன் உயர்கல்லூரியில் ஒரே மாணவன் கணிதமும் வானியலும் தமிழ் இலக்கியமும் படித்தான். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே உருவானவர். இன்னும் நெருங்கிய உதாரணம் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார், விஞ்ஞானம் கற்பித்தார், திருகோணமலை இந்துக் கல்லூரியையும் சில காலம் நடத்தினார். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ்நூலைத் திறந்து பார்த்தால், சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை காணப் புகுந்த ஒருவர் நரம்பின் நீளங்களையும் அலகுகளையும் கணக்கிட்டுக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். குரல் என்ற முதற் சுரத்தில் இருந்து எண்ணினால் ஐந்தாவதாக வரும் இளி என்ற சுரத்தை எழுப்ப, நரம்பை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் அழுத்தவேண்டும் என்பது பௌதிகவியல். யாழ் என்ற மறைந்துபோன கருவியின் அமைப்பைச் செய்யுளின் ஓர் அடியில் இருந்து மீட்க அந்தக் கணக்கு தேவைப்பட்டது. பௌதிகவியல் தெரியாத பண்டிதரோ, தமிழ் தெரியாத பௌதிகவியலாளரோ அந்த நூலை எழுதியிருக்க முடியாது. மட்டக்களப்பு கல்லடியில் இசையும் நடனமும் கற்பிக்கும் நிறுவகத்துக்கு ஒரு விஞ்ஞானப் பட்டதாரியின் பெயரைச் சூட்டியிருக்கிறோம் என்பதை அங்கே படிக்கிற எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்களோ தெரியாது. அவர் இரண்டிலும் அரைகுறையாக இருந்துவிட்டு இதைச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டிலும் பரீட்சை எழுதித் தேறியவர் அவர்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெயரிலேயே ஒரு பட்டத்தை இங்கே தேடி அலைவதில் பயனில்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருந்து நிலாவெளி வீதியால் போகிற தூரத்தில், பெயர் சொல்லாமலே கலப்பாக அமைந்த ஒரு படிப்பு இருக்கிறது. சித்த மருத்துவத்துக்கு உயிரியல் பிரிவில் இருந்தே மாணவர்களை எடுக்கிறார்கள். உள்ளே போனதும் அந்த மாணவர்கள் உடற்கூற்றியலோடு பழைய மருத்துவ நூல்களின் செய்யுளையும் எதிர்கொள்கிறார்கள். ஒரு பாடலில் கரிசாலை என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பூப் பூக்கும் எக்லிப்ராவையும் கரிசலாங்கண்ணி என்கிறோம், மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவையும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்கிறோம். தாவரவியலில் இரண்டும் வெவ்வேறு சாதிகள். பாடல் எதைக் குறிக்கிறது என்று தீர்மானிக்க யாப்பும் பாடபேதமும் தெரியவேண்டும், செடியை இனங்காணத் தெரியவேண்டும், அதன் இரசாயனக் கூறுகளை ஆராயவும் தெரியவேண்டும். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் விடயம் என்பதால் இதில் ஊகத்துக்கு இடமில்லை. சாதாரண தரத்தோடு தமிழை விட்டுவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்த இடம் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. உங்களைப் போல இலக்கியத்தில் நாட்டமுள்ளவருக்கு இது வாய்ப்பாக அமையலாம். மருத்துவம் கிடைக்காதபடியால் சித்தம் என்ற மனநிலையோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

உத்தியோகத்துக்கு வருவோம். அரச பாடசாலை ஆசிரியர் நியமனம் பாடத்தோடு பிணைந்தது. பட்டத்தில் எந்தப் பாடம் எவ்வளவு படிக்கப்பட்டது என்று பார்ப்பார்கள், அங்கே கலப்புப் பட்டம் இடறும். உங்கள் ஆசிரியர் தமது அனுபவத்தில் இருந்து சொன்னது சரியே. நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். ஊடகம், சுற்றாடல், சுகாதாரத் திட்டங்கள் முதலியவற்றில் பட்டத்தின் பெயரை விட, ஓர் அட்டவணையை வாசித்து அதைச் சனங்களுக்கு விளங்கும்படி எழுத இயலுமா என்பதே பார்க்கப்படும்.

காணி விடயத்தில் என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: இளமாணிப் பட்டத்துக்காக அதை விற்கவேண்டாம். இலண்டனிலோ கனடாவிலோ வெளிநாட்டு மாணவரிடம் அறவிடும் கட்டணம் உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போன்றதல்ல. மாமா வீட்டில் தங்குவதால் சாப்பாட்டுச் செலவு மிச்சமாகுமே தவிரக் கல்விக் கட்டணம் குறையாது. முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போங்கள். அப்போதும், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே இலவசமாகக் கிடைக்கும் ஒரு விஞ்ஞானப் படிப்பை ஆழமாகப் படித்துவிட்டு, முதுமாணிக் கற்கையில் மற்றப் பக்கத்துக்குக் கடப்பது நம்மைப் போன்றவர்களுக்குக் காணியை விற்காமலே இயலக்கூடிய வழி. வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடமும் கலை, கலாசார பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தினுள் இருப்பதும் ஒரு வசதி. மற்றப் பீடத்து விரிவுரையில் பின் வாங்கில் இருந்து கேட்க விரிவுரையாளரிடம் அனுமதி கேட்பதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை எழுதுவதற்கு முன் இரண்டு இடங்களுக்கும் நேரில் போய், பாடத்திட்டத்தோடு, கடைசி ஆண்டு மாணவர்கள் அண்மையில் சமர்ப்பித்த ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மனதில் உள்ள கேள்வியை ஒத்த ஒரு தலைப்பாவது எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தை முதலில் எழுதுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

அன்புடன்.