தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரில் இருந்து படம் திறக்கவில்லையா?

வணக்கம். பைத்தானில் ஓப்பன்சிவி (OpenCV, படங்களைக் கையாளும் நூலகம்) கொண்டு படத்தைத் திறக்கும்போது, நிறம் மாற்றும் சிவிடிகலர் (cvtColor) வரியில் பிழை வருகிறது, ஆனால் அதே நிரல் நண்பரின் லினக்ஸ் கணினியில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அந்த வரியில் இல்லை, அதற்கு முந்தைய வரியில். படத்தைத் திறக்கும் ஓப்பன்சிவியின் இம்ரீட் (imread) கோப்பைப் படிக்க முடியாமல் போனால் பைத்தானில் நிரலை நிறுத்தாது, 'எதுவும் இல்லை' என்று பொருள்படும் 'நன்' (None) மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடும், அதை நிறம் மாற்றக் கொடுக்கும்போதுதான் நிரல் விழுகிறது. எனக்கு இதில் பிடிக்காத விஷயமே இதுதான், புதிதாகக் கற்பவர்கள் தப்பான வரியைத் திருத்தித் திருத்தியே அலுத்துப்போகிறார்கள்.

உங்கள் படங்கள் 'திருவிழா' என்று தமிழில் பெயரிட்ட ஃபோல்டரில் இருக்கின்றன இல்லையா, விண்டோஸில் அந்த எழுத்துகளை இம்ரீட் பெரும்பாலும் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் ஒரு படத்தை ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டருக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். திறந்துவிட்டால் காரணம் அதுவேதான். ஃபோல்டர் பெயரை மாற்ற வேண்டியதில்லை, நம்பை (NumPy) என்ற எண்கணக்கு நூலகத்தின் ஃப்ரம்ஃபைல் (fromfile) மூலம் கோப்பை பைட்டுகளாக எடுத்து, வகையை யுஇன்ட்8 (uint8) என்று குறிப்பிட்டு, பைட்டுகளைப் படமாக்கும் ஓப்பன்சிவியின் இம்டிகோடிடம் (imdecode) இம்ரீட்_கலர் (IMREAD_COLOR) என்ற குறியோடு கொடுத்தால் போதும்.

அப்படியும் திறக்காவிட்டால் கோப்பின் பாதையில் உள்ள பேக்ஸ்லாஷை (\) கவனியுங்கள், அதற்கு அடுத்து ஆங்கிலச் சிறிய 'என்' (n) எழுத்து வந்தால் பைத்தான் அதைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக முன்சாய்வுக் கோடு (/) போட்டுவிடுங்கள். ஐபோனில் எடுத்த ஹெய்க் (HEIC) வகைப் படமா? இம்ரீட் அதைப் பொதுவாகப் படிக்காது, அப்படியென்றால் ஜேபெக்காக (JPEG) மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடியோவுக்கு, வீடியோவைத் திறக்கும் வீடியோகேப்சர் (VideoCapture) போட்டவுடன், அது திறந்ததா என்று சொல்லும் இஸ்ஓப்பன்ட் (isOpened) உண்மையா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஃபிரேமைப் படியுங்கள்.