பின்வளவில் கோழி வளர்க்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பின்வளவில் நாலு பேட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்க்க ஆசை. ஐம்பதுக்குக் குறைவென்றால் எங்கும் பதியத் தேவையில்லை என்கிறார் ஒரு நண்பர். சரியா? – ஒரு வாசகி

பதில்: வளர்க்கலாம், ஆனால் நண்பர் சொல்வது பழைய கதை. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் ஏ.பி.எச்.ஏ. என்ற அரசு முகமையிடம் பதிந்தே ஆக வேண்டும், கோழி வந்து ஒரு மாதத்துக்குள். காசு எதுவும் இல்லை. பக்கத்துத் தெருவில் பறவைக் காய்ச்சல் வந்தால் உங்களுக்குச் சொல்ல அவர்களிடம் விலாசம் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

அடுத்தது வீட்டு உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம். சில உறுதிகளில் கோழி வளர்க்கக் கூடாது என்று எழுதியே இருக்கும், கூடு வாங்குமுன் வாசித்துப் பாருங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது சாப்பாட்டு விஷயத்தில். மிஞ்சிய சோறு, மரக்கறித் தோல், பாண் துண்டு எல்லாம் கோழிக்குப் போடுவதுதானே நம் வழக்கம், இங்கே அது சட்டவிரோதம். குசினிக்குள் போய் வந்த எதையும் போடக் கூடாது, இறைச்சி, முட்டை, பால் எதுவுமே புழங்காத முழுத் தாவர உணவு வீடென்றால் மட்டும் விலக்கு. அநியாயமாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது: 2001இல் இந்த நாட்டையே உலுக்கிய கோமாரி நோய், சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்து பரவியதாகத்தான் விசாரணையில் தெரிந்தது. தோட்டத்தில் பிடுங்கிய கீரையை உள்ளே கொண்டுபோகாமல் நேரே கோழிக்குப் போடலாம், அதில் பிழையில்லை. மற்றபடி கடைத் தீவனம்தான், அதையும் இரவில் வெளியே விடாதீர்கள், எலி வந்தால் அயலவர் சும்மா இருக்க மாட்டார்.

சேவலை மட்டும் விட்டுவிடுங்கள். தடை என்று பொதுச் சட்டம் இல்லைதான், ஆனால் விடியுமுன் கூவுகிற சத்தத்துக்கு அயலவர் முறையிட்டால் 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பலாம், அதை மீறினால் வழக்கு. பேடு முட்டையிட சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்க மட்டும்தான் வேண்டும்.