கொரிய-அமெரிக்க வீட்டுச் சமையலறை: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை, இருப்பது நியூஜெர்சி. கணவர் இங்கேயே பிறந்த கொரியர். மாமனாரும் மாமியாரும் 1983இல் சியோலிலிருந்து நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதிக்கு வந்து இறங்கியவர்கள். 12 வருடமாக எல்லோரும் ஒரே வீடு. மாமியாரை நான் "ஒமொனிம்" என்று கூப்பிடுவேன். இங்கே அத்தை என்றே எழுதுகிறேன். வீடு, சாப்பாடு பற்றிக் கேளுங்கள்.

ஹூஸ்டன் தோழி: அக்கா, கொரிய சீரியல்ல வர்ற மாதிரியா உங்க வீடு இருக்கும்?

இல்லைம்மா. சீரியலில் வருவது இன்றைய சியோல். எங்கள் வீட்டில் இருப்பது 1983இல் விமானம் ஏறிய கொரியா. கிளம்பிய வருடத்துச் சமையலும் பேச்சும் அப்படியே நின்றுவிட்டன. அங்கிருந்து வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் அத்தை பேசுவதைக் கேட்டு, "எங்க பாட்டிதான் இந்த வார்த்தை சொல்லுவாங்க" என்கிறார்கள்.

மிச்சத்தை இங்கே கிடைத்ததை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். அரிசி, கலிஃபோர்னியாவில் விளையும் கால்ரோஸ். விருந்துக்கு எல்ஏ கல்பி. கொரியாவில் மாட்டு விலாவை ஒவ்வொரு எலும்பாகப் பிரித்து, கறியை விரித்துச் சுடுவார்கள். அமெரிக்கக் கசாப்புக் கடையில் குறுக்காக அறுத்த விலாதான் கிடைத்தது. அதையே மெல்லிசாக வாங்கி ஊறவைத்துச் சுட்டார்கள், அதுவே தனிப் பதார்த்தம் ஆகிவிட்டது. ஹெச் மார்ட் என்று இன்று நீங்கள் போகும் பெரிய கடை 1982இல் க்வீன்ஸ் வுட்சைடில் ஒரு சின்ன மளிகையாகத் தொடங்கியது. அப்போது பெயர் ஹன் ஆ ரும், "இரண்டு கையாலும் அணைத்து எடுக்கும் அளவு" என்று அர்த்தம். அத்தை வாரம் ஒரு முறை அங்கே போய் மிளகாய்த்தூள் வாங்கியதை இன்றும் கோயிலுக்குப் போய்வந்த மாதிரிச் சொல்வார்.

டல்லாஸ் தம்பி: நம்ம மிளகாய்த்தூள் போட்டு கிம்ச்சி செய்யலாமா?

வேண்டாம் தம்பி. கிம்ச்சி என்பது காய்களை உப்பேற்றிப் புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாய். அவர்களுடைய கோச்சுகாரு விதை எடுத்து, கொரகொரப்பாக இடித்த தூள். நிறம் அதிகம், காரம் குறைவு. கிம்ச்சிக்குப் போடும் நீளமான நாபா முட்டைக்கோசு ஒன்றுக்கு ஒரு கிண்ணம் போகும். அந்த அளவுக்கு நம் தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அளவைக் குறைத்தால் நிறமும் பசையும் வராது.

தூளைவிட உப்பேற்றுவதுதான் முக்கியம். நவம்பர் கடைசியில் எங்கள் வீட்டு கராஜில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, 15 முட்டைக்கோசு பிளந்து, இலைக்கு இலை கல்லுப்பு தூவி ராத்திரி முழுக்க வைப்போம். காலையில் அத்தை சிவப்பு ரப்பர் கையுறையோடு உட்கார்ந்து, தடித்த அடித்தண்டை மெதுவாக மடக்கிப் பார்ப்பார். படக்கென்று ஒடிந்தால் இன்னும் ஒரு மணி நேரம். துணி மாதிரி மடங்கினால் அலசலாம். பிறகு அரிசிமாவுக் கூழ், தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி எல்லாம் கலந்து இலை இலையாகத் தடவ வேண்டும். முடித்ததும் உள்ளிலை ஒன்றைக் கிழித்து, மசாலாவைச் சுருட்டி என் வாயில் ஊட்டிவிடுவார். உப்பு சரியா என்று நான் சொல்ல வேண்டும். முதல் வருடம் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது "இன்னும் ஒரு பிடி உப்பு" என்று சொல்கிறேன், உடனே போடுகிறார்.

ஒரு எச்சரிக்கை: கண்ணாடி ஜாடியில் முக்கால் மட்டும் நிரப்புங்கள், மூடியை இறுக்காதீர்கள். புளிக்கும்போது வாயு சேரும். ஜாடி வெடித்த வீடுகள் உண்டு.

சான் ஹோசே தோழி: கிம்ச்சி சைவம்தானே? முட்டைக்கோசுதானே அது?

கடையில் விற்பது பெரும்பாலும் சைவம் இல்லை. உப்பில் ஊறிய இறால், நெத்திலிச் சாறு இரண்டில் ஒன்றாவது இருக்கும். லேபிளைப் படியுங்கள். சைவம் வேண்டுமென்றால் கொரியாவின் புத்த மடங்களில் செய்யும் கிம்ச்சியைப் பாருங்கள். மீன் கிடையாது, பூண்டும் வெங்காயத்தாளும்கூடக் கிடையாது. கடற்பாசியும் காளானும் கொதிக்கவைத்த தண்ணீர், சோயா சாறு, இஞ்சி போதும்.

சென்னை அண்ணன்: நான் 6 வருஷம் சியோலில் வேலை பார்த்தவன். மீனும் பூண்டும் இல்லாதது கிம்ச்சியே இல்லை. சைவக்காரர்களுக்காக ஒரு நாட்டின் உணவை மாற்றாதீர்கள்.

அண்ணா, மாற்றியது நான் இல்லை. மடத்துச் சமையல் பல நூற்றாண்டாக அங்கேயே இருப்பது. மிளகாய் கொரியாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. நமக்கும் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதற்கு முன்னும் காய்களை உப்பில் புளிக்கவைத்தார்கள். குளிர்காலத்தில் முள்ளங்கியை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கும் டொங்சிமி இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதற்கும் கிம்ச்சி என்றே பேர்.

அதே அண்ணன்: அது விதிவிலக்கு. தென்மேற்கே ஜொல்லா பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜொல்லா பற்றிச் சொன்னது சரி. தெற்கே மீன் ஊறல் தாராளம். ஆனால் வடக்கே போகப்போகக் குறையும். அத்தையின் பெற்றோர் கொரியப் போரில் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள். அவர் கிம்ச்சி தண்ணியாக, லேசாக இருக்கும். அவருடைய சர்ச்சில் ஜொல்லாக்காரப் பெண்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு "இதில் ஒன்றுமே இல்லையே" என்று சொன்னதை 30 வருடமாக மறக்கவில்லை. ஒரு வட்டாரத்து ருசியை நாட்டின் ருசி என்று சொல்லும்போது இன்னொரு வீட்டின் பாட்டியை அழித்துவிடுகிறோம் அண்ணா. திருநெல்வேலி சொதிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் இதைச் செய்ய விடுவோமா?

கோவை தோழி: மடத்தில் பூண்டு ஏன் கூடாது?

மனதைக் கிளறும் என்று ஐந்தை விலக்குவார்கள். பூண்டு, வெங்காயத்தாள், காட்டுப்பூண்டு வகை ஒன்று, பூண்டுப்புல், ஐந்தாவது பெருங்காயம். பெருங்காயம் கொரியாவில் விளைவதில்லை, சமையலிலும் இல்லை. பௌத்தத்தோடு போன பட்டியலில் இருந்துகொண்டே இருக்கிறது. நம் ஊரில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் பெருங்காயம் போடுவார்கள். அங்கே அதையும் விலக்கச் சொல்கிறது பட்டியல்.

அட்லாண்டா தம்பி: கிம்ச்சி வெஜ்ஜா?

மேலே பாருங்கள். லேபிளைப் படியுங்கள்.

சிகாகோ தோழி: கிம்ச்சிக்குத் தனி ஃப்ரிட்ஜ் எதற்கு?

வாசனைக்காக மட்டும் இல்லை. மண்பானையை மண்ணில் புதைத்தால் கிடைக்கும் மாறாத குளிர் வேண்டும், சுமார் 0 டிகிரி. சாதாரண ஃப்ரிட்ஜைத் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறி சீக்கிரம் புளித்துவிடும். கொரியாவில் 1995க்குப் பிறகுதான் இது வீட்டுக்கு வீடு பரவியது. எங்கள் வீட்டில் அதன் கீழ்த்தட்டில் என் இட்லிமாவு இருக்கிறது.

டொரான்டோ தோழி: கையால் சாப்பிடலாமா?

சோறு கரண்டியால், தொட்டுக்கொள்வது குச்சியால். கீரையில் கறி சுருட்டும்போது கைதான். பெரியவர் கரண்டி எடுக்கும் வரை பொறுங்கள். கரண்டியையோ குச்சியையோ சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகும் வீடு, படையல் இல்லை, ஜெபம்தான். ஆனாலும் குத்தி வைத்தால் மாமனார் முகம் மாறும்.

லண்டன் தோழி: பிரசவத்துக்குப் பிறகு என்ன கொடுத்தார்கள்?

மியொக்குக், கடற்பாசி சூப். பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில், பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும். வழக்கமாக மாட்டுக்கறி போடுவார்கள். நான் சாப்பிட மாட்டேன் என்று அத்தை எள் மாதிரி இருக்கும் பெரில்லா விதையை அரைத்து ஊற்றினார். அதே அடுப்பில் அடுத்த பர்னரில் என் அம்மாவின் பூண்டுக்குழம்பு. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. "பால்" என்ற ஒரு வார்த்தையை அத்தை கற்றுக்கொண்டார், இரண்டு கிண்ணத்தையும் என் முன் வைத்து அதையே சொல்வார். கடற்பாசியில் அயோடின் அதிகம். தைராய்டு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மதுரை தம்பி: கொரிய மொழி தமிழிலிருந்து வந்ததாமே? அம்மா, அப்பா ஒன்றுதானே?

"ஒம்மா", "அப்பா" என்றுதான் என் மகளும் கூப்பிடுகிறாள், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் குழந்தை வாயில் முதலில் வரும் இந்த ஒலிகள் உலகம் முழுக்க உண்டு. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார், மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம், சாப்பாட்டுக்கு வருவோம்.

பெங்களூரு நண்பர்: கிம்ச்சி பிரஷருக்கு நல்லதா?

உப்பு அதிகம். டாக்டரிடம் கேளுங்கள்.

டென்வர் தோழி: கிம்ச்சி சைவமா அக்கா? மூடியை இறுக்கி வச்சிருக்கேன், புஸ்ஸுனு சத்தம் வருது.

முதலில் போய் மூடியைத் தளர்த்துங்கள், அடியில் ஒரு தட்டு வையுங்கள். சைவமா என்பதற்கு மேலே மூன்று பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள், இதையே எழுதினால் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது.

திருச்சி அம்மா: மகள் ஒரு கொரியப் பையனைப் பார்த்திருக்கிறாள். அவன் அப்பா அம்மா முதல்முறை வீட்டுக்கு வருகிறார்கள். என்ன சமைக்கட்டும்மா?

அம்மா, பயப்படாதீர்கள். தயிர்சாதம் அன்றைக்கு வேண்டாம், சோற்றோடு புளித்த பால் அவர்களுக்குப் பழகவில்லை. பொரியல் நான்கு வகை சின்னக் கிண்ணங்களில் வையுங்கள், அவர்கள் வீட்டு மேஜையும் அப்படித்தான் இருக்கும். எவர்சில்வர் கிண்ணமே எடுங்கள், அங்கேயும் சோற்றுக்கு அதுதான். கட்டாயம் ரசம் வையுங்கள். அத்தை முதல்முறை சூடாக ஒரு வாய் குடித்துவிட்டு "ஷிவொன்ஹதா" என்றார். "குளுகுளுன்னு இருக்கு" என்று அர்த்தம். கொதிக்கும் ரசத்தைக் குறை சொல்கிறார் என்று நினைத்து நான் உள்ளே போய் அழுதேன். சூடான சூப் தொண்டையில் இறங்கி உடம்பு லேசாகும்போது அவர்கள் சொல்லும் வார்த்தை அது என்று கணவர் வந்து சொன்னார்.

சாப்பிட்டதும் எழுந்துவிடாதீர்கள். அவர்கள் பழப்பெட்டி கொண்டுவருவார்கள், பேரிக்காயாக இருக்கலாம். இரண்டு கையாலும் வாங்குங்கள். அதிலிருந்தே ஒன்றிரண்டைத் தோல் சீவி, வெட்டித் தட்டில் வையுங்கள். மகளை வெட்டச் சொல்லாதீர்கள், நீங்களே வெட்டுங்கள்.