இசைக்கருவி கேள்வி – பதில்: ஆறு தந்தி பேஸுக்கு வீட்டிலேயே பிக்கப்

கேள்வி: நானும் தச்சு வேலை தெரிந்த நண்பரும் சேர்ந்து தேக்கு மரத்தில் ஆறு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றைச் செய்திருக்கிறோம். பி, இ, ஏ, டி, ஜி, சி என்று சுருதி சேர்க்கிறோம். விரல் தாராளமாகப் புழங்கட்டும் என்று தந்திகளுக்கு இடையே 18 மி.மீ. விட்டோம். இப்போது கடையில் வாங்கிய எந்தப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகம்) வைத்துப் பார்த்தாலும் ஓரத் தந்திகள் காந்தங்களைத் தாண்டி விழுகின்றன. இதற்கென்று நாங்களே ஒரு பிக்கப் கட்ட முடியுமா?

பதில்: தாராளமாகக் கட்டலாம். நீங்கள் சொல்லும் சுருதியோடு கூடிய ஆறு தந்தி பேஸ், பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சன் கேட்டுக்கொண்டபடி கிட்டார் செய்பவரான கார்ல் தாம்சன் 1975இல் செய்து கொடுத்த கருவியிலிருந்து தொடங்குகிறது. ஆனால் இன்றுவரை இவ்வகைக் கருவிகளுக்குத் தந்தி இடைவெளி இவ்வளவுதான் என்ற பொது அளவு ஏற்படவில்லை. ஆகவே உங்கள் கருவியின் அளவுக்கே பிக்கப்பை அமைப்பதுதான் முறை.

ஆறு தந்திகளுக்கும் சேர்த்து ஒரே நீளமான சுருளைக் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒற்றைச் சுருள், மின்சார வயரிங்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்தே வாங்கும். உங்கள் பி தந்தியின் அடிப்படை அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ், இ தந்தியினுடையது சுமார் 41 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த ரீங்காரம் நீங்கள் வாசிக்கும் சுரங்களுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபெண்டர் நிறுவனம் 1957இல் பிரெசிஷன் பேஸில் கொண்டுவந்த பிளவுபட்ட பிக்கப்பில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. அதில் இரண்டிரண்டு தந்திகளுக்கு ஒரு சுருள். ஒன்றில் காந்தத்தின் வடமுனை மேலே பார்க்கும், மற்றொன்றில் தென்முனை மேலே பார்க்கும். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இணைக்கும்போது தந்தியின் ஒலி கூடி நிற்க, வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீங்கள் இதையே மூன்றுக்கு மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுருளும் சிறியதாக இருப்பதால் கட்டுவதும் எளிது.

கம்பியைச் சுற்றும் சட்டமான பாபினுக்கு 2 மி.மீ. ஹைலம் (மின்சாரம் கடத்தாத கெட்டியான பிசின் தகடு) போதும். அதில் 18 மி.மீ. இடைவெளியில் மூன்று துளைகளிட்டு, 5 மி.மீ. குறுக்களவுள்ள அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தத் தண்டுகளை இறுக்கமாகச் செருகி, மேல் கீழ்த் தகடுகளுக்கு நடுவே 10 மி.மீ. இடம் விடுங்கள். எளிதில் கிடைக்கிறதே என்று நியோடிமியம் காந்தத்தை வைத்துவிடாதீர்கள். அதன் இழுப்பு கனமான பி தந்தியின் அதிர்வையே கலைத்துச் சுருதியைத் தள்ளாட வைக்கும். தண்டுகளின் மேல் மெல்லிய டேப்பை ஒரு சுற்று சுற்றிய பிறகே கம்பியைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சு உரிந்து உள்ளேயே ஷார்ட் ஆகிவிடும்.

கம்பி விஷயத்தில் கவனம் தேவை. பிக்கப் கட்டுவோர் பெரும்பாலும் சொல்லும் 42 என்ற எண் கம்பியின் தடிமனைச் சொல்லும் அமெரிக்க கேஜைக் குறிக்கிறது. நம் ஊர் வைண்டிங் கடைகளில் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ் அளவில் அதற்கு மிக நெருக்கமானது 46. ஏறத்தாழ 0.06 மி.மீ. குறுக்களவுள்ள இந்தக் கம்பி தலைமுடியைப் போல மெல்லியது, ஆகவே அதை இழுத்துப் பிடிக்காமல், இரண்டு விரல்களுக்கு இடையில் கம்பளித் துணித் துண்டை வைத்து அதனூடாக வழியவிட வேண்டும். தையல் மிஷின் மோட்டார் இதைச் சுற்றப் போதுமானது. சுற்றுகளை எண்ணுவதற்கு ஒரு பழைய உத்தி உண்டு: சுழலும் தட்டில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அதன் எதிரில் ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் தானே இணையும் சுவிட்ச்) வைத்து, அந்தச் சுவிட்சைச் சாதாரணக் கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானோடு இணைத்துவிட்டு, முதலில் ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்தினால், ஒவ்வொரு சுழற்சிக்கும் எண்ணிக்கை தானே ஏறும். சுருளுக்கு 8,000 சுற்று வரை போகலாம். இரண்டும் தொடராக இணைந்தபின் மீட்டரில் சுமார் 9 முதல் 10 கிலோ ஓம் காட்டினால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள்.

இணைப்பு சரிதானா என்று பார்க்க முள் உள்ள மல்டிமீட்டரை மாட்டி, ஸ்க்ரூ டிரைவரைக் காந்தத்தில் ஒட்டி வெடுக்கென்று எடுங்கள். இரண்டு சுருள்களிலும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும்; மாறித் துள்ளினால் ஒரு சுருளின் இரு முனைகளை மாற்றிப் போடுங்கள்.

கடைசியாக மெழுகு. நான்கு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு கலந்து, நேரடித் தீயில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து, 65 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் உருக்கி, சுருளிலிருந்து குமிழிகள் வருவது நிற்கும்வரை மூழ்கவைத்திருங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால், ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டியதும் தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து கீச்சிடத் தொடங்கும்.

கேள்வி: இதே பேஸில் நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. காந்தப் பிக்கப்புக்கு இரும்பு கலந்த தந்தி வேண்டும். 1966இல் ஆம்பெக் நிறுவனம் ஏஇபி-1 என்ற பேஸில் இதற்கு ஒரு வழி கண்டது: தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியில் ஓர் எஃகுத் தகடும் அதற்குக் கீழே சுருள்களும் இருக்கும், தகடு அதிர்வதால் குடல் தந்தியும் ஒலிக்கும். வீட்டில் செய்ய அதைவிட எளிது, அதிர்வையே மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ வில்லையைப் பிரிட்ஜின் அடியில் ஒட்டுவது. ஆனால் அதை நேரே ஒலிபெருக்கியில் செருகாமல், குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட சிறு பஃபர் (இடைநிலை மின்) சுற்றின் வழியாகவே இணையுங்கள். தடை குறைந்தால் முதலில் மறைவது பி தந்தியின் அடிநாதம்தான்.