தொப்புள்கொடி டாப்ளர்: எண் ஏன் மாறுகிறது?

கேள்வி: என் மகளுக்கு 32 வாரக் கர்ப்பம். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி பி.ஐ. (ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) கொஞ்சம் அதிகம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் எடுத்தால் நார்மல். எதை நம்புவது?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: இரண்டுமே ஒழுங்காக எடுத்ததாக இருக்கலாம். ரத்தம் பாயும் உச்ச வேகத்திலிருந்து, அந்தத் துடிப்பு முடியும்போதுள்ள வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுத்தால் வருவதே பி.ஐ. குழந்தையின் இதயம் மெதுவாகத் துடித்தால் கடைசி வேகம் குறையும், எண் ஏறும். தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் குழந்தையின் துடிப்பு கூடி, எண் இறங்கிவிடும். இது போலித் தைரியம். வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விட்டுப் பழகும் நேரத்தில் அலைகள் ஒழுங்காக வராது. கொடியை எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதும் முக்கியம்: குழந்தையின் வயிற்றருகே எண் கூடும், நஞ்சுக்கொடி பக்கம் குறையும். நடுவில் மிதக்கும் பகுதியில், ஒரே மாதிரி மூன்று அலைகளாவது வந்த பிறகு அளப்பதே சரி.

நீண்ட நேரம் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, தாய்க்குத் தலைசுற்றும், பிரஷர் இறங்கும். இடது பக்கம் சற்றே சாய்த்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். மாடி ஏறிப் போனால் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஸ்கேனுக்குப் போகட்டும்.

நிஜமாகவே எண்ணை உயர்த்தி வைப்பது தாயின் ரத்த அழுத்தமும், அதனால் நஞ்சுக்கொடியில் வரும் கோளாறும். புகையிலையும் சேர்த்தி. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: டாப்ளர் நார்மலாக இருந்தும் குழந்தைக்குச் சிக்கல் வரலாம்.

வாரம் ஏற ஏற பி.ஐ. இறங்க வேண்டும். ஆகவே வாரக் கணக்கு தப்பினால் தீர்ப்பும் தப்பும். முதல் மூன்று மாத ஸ்கேன், பிரஷர் குறிப்பு, இரண்டு ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தையின் எடை, பனிக்குட நீர் இரண்டையும் சேர்த்துத்தான் அவர் முடிவு சொல்வார். கடும் தலைவலி, கண் மங்கல், அசைவு குறைவு என்றால் மறு ஸ்கேனுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மனைவிக்கு 29 வாரம், பிரஷர். தொப்புள்கொடியில் டயஸ்டாலிக் ஓட்டமே (இரண்டு துடிப்புக்கு நடுவில் பாயும் ரத்தம்) இல்லை என்று அட்மிட் செய்து, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி போட்டார்கள். மறுநாள் ஓட்டம் திரும்பிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?
- ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: வேண்டாம். அந்த ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாளைக்கு ஓட்டம் தேறியதுபோல் தெரிவது வழக்கம். நஞ்சுக்கொடி குணமாகவில்லை, ஓட்டம் மீண்டும் நிற்கலாம், பின்னோக்கியும் பாயலாம். டாக்டர் சொல்லும்வரை வார்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஏழாவது மாதம். முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடலாமா?
- வாசகி, எண்ணூர்

பதில்: கூடாது. குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக் குழாய் சுருங்கும், பனிக்குட நீரும் குறையலாம். ஐபுப்ரோஃபெனும் அப்படியே. பாராசிட்டமாலைக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்தால், எத்தனை மாத்திரை என்பதை அடுத்த ஸ்கேனுக்கு முன் சொல்லிவிடுங்கள்.