அந்தமானுக்கும் ஆடித் தள்ளுபடி

கேள்வி: நானும் கணவரும், மாமனார், மாமியார், மூன்றாம் வகுப்பு மகள், யுகேஜி மகன் என ஆறு பேர். ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு அந்தமான் போக நினைக்கிறோம். ஒரு ஏஜெண்ட் ‘ஆஃப் சீசன், 40 சதவீதம் தள்ளுபடி’ என்கிறார். 5 இரவு, இரண்டு அறை, விமான டிக்கெட் நீங்கலாக 96,000 ரூபாய். இன்றே முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். எடுக்கலாமா? – வாசகி, கரூர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஏஜெண்ட் போட்டுத் தரும் வரிசையில் போக வேண்டாம், முன்பணத்தையும் இன்றே கட்ட வேண்டாம்.

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்துப் பழகியவர்கள் நாம். 40 சதவீதம் என்றால் எந்த விலையில் 40 என்று கேட்கத் தெரியும். அந்தமானில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உண்மையிலேயே இறங்குவது அறை வாடகைதான். படகுக் கட்டணம், வண்டி வாடகை, நுழைவுச் சீட்டு இவையெல்லாம் மழைக்காலம் என்பதற்காகப் பெரிதாகக் குறைவதில்லை. அப்படியிருக்க மொத்த பேக்கேஜிலும் 40 சதவீதம் குறைகிறது என்றால், முதல் விலையை ஏற்றி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஓட்டல் பெயர், அறை வகை, எந்தப் படகு, எந்த வகுப்பு, வண்டி எத்தனை நாள், வரி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தராதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். தந்தால், அதே ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டு விலை கேளுங்கள். பத்து நிமிட வேலை. ‘சின்னப் பையனுக்குக் கட்டணம் உண்டா, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு’ என்பதையும் அப்போதே கேட்டு வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு லாபமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓட்டல் அறைக்கு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. சீசனில் 9,000 ரூபாய்க்குப் போகும் அறை வரியோடு 10,620 ஆகும். அதே அறை ஆகஸ்டில் 6,500க்கு வந்தால் வரியோடு 6,825தான். வாடகை குறைந்தது 2,500, கையில் மிச்சம் 3,795. நேரடியாக அறை எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது.

இனி மழை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதப் பிற்பாதியில், அந்தமானைத் தொட்டுவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. இதைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு மழை பயமில்லை, கடல்தான் பயம். போர்ட் பிளேர் வரை விமானம் உண்டு (2024 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம், டிரைவரிடம் போர்ட் பிளேர் என்றாலே போதும்). அங்கிருந்து ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் படகுதான். 2018ல் அவற்றுக்கும் சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் மாறியது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அரை நாளும் நிற்கும், இரண்டு நாளும் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் நானே இதில் மாட்டிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர், பிறகு ஹேவ்லாக், பிறகு நீல், கடைசி நாள் காலை நீலிலிருந்து படகு, மதியம் சென்னை விமானம். எல்லா ஏஜெண்டும் போடும் வரிசை அது. கடைசி நாள் படகு ஓடவில்லை. நாங்கள் நீல் தீவில் உட்கார்ந்து வடையும் டீயுமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் இருக்கைகள் காலியாகச் சென்னைக்குப் பறந்தன. ‘கடவுள் செயல் சார்’ என்றார் ஏஜெண்ட். மறுநாள் புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில், அறை வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய், மேற்கொண்டும் போனது.

அதனால் மழைக்காலத்தில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இறங்கிய அன்றோ மறுநாள் காலையோ முதல் வேலையாக ஹேவ்லாக். தனியார் படகில் ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு இரவு. கடைசி இரண்டு இரவும் போர்ட் பிளேரில்தான். இடையில் படகு ஒரு நாள் நின்றாலும் விமானம் கைவிட்டுப் போகாது. நீல் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். தாத்தா, பாட்டி, யுகேஜி பையனோடு ஒரு படகு கூடுதலாக ஏறி இறங்குவது சுகமல்ல. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்களுக்கும் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே போட வேண்டாம்.

ஹேவ்லாக்கில் தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது திசையைப் பாருங்கள். பெயர்பெற்ற ராதாநகர் கடற்கரை தீவின் மேற்கே இருக்கிறது. ஆகஸ்டில் காற்றும் அலையும் தென்மேற்கிலிருந்து நேராக அங்கேதான் வந்து மோதும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், பிள்ளைகளை இறக்கிவிட முடியாது. படகுத்துறையும் விஜயநகரும் காலாபத்தரும் இருக்கும் கிழக்குக் கரை அவ்வளவு கொந்தளிக்காது. அறையைக் கிழக்கில் எடுங்கள், ராதாநகருக்கு ஒரு மாலை போய்வாருங்கள். எங்கே இறங்குவதாக இருந்தாலும் உயிர்காப்பாளர் சொல்வதே சட்டம். அங்கே சில இடங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

ஏஜெண்டுக்கு அந்தமான் தெரியுமா என்று பார்க்க ஒரு சோதனை. ஆகஸ்ட் திட்டத்தில் ‘ஜாலி பாய் தீவு’ என்று எழுதியிருக்கிறாரா? வண்டூர் கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாயையும் ரெட் ஸ்கின்னையும் முறைவைத்துத் திறப்பார்கள். மழைக்காலத்தில் வழக்கமாக ரெட் ஸ்கின்தான். ஜனவரித் திட்டத்தை அப்படியே நகலெடுத்து உங்களுக்கு அனுப்புகிறவர் இதில் அகப்பட்டுக்கொள்வார். பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையையும் சேர்த்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். விடியும் முன்னே கிளம்பி, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே வரிசையாக விடும் வண்டிகளோடு போய், பிறகு படகு, பிறகு நடை. உங்கள் மாமியார் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்.

மழை கொட்டும் நாளுக்கு போர்ட் பிளேரில் பஞ்சமில்லை. 1906ல் கட்டி முடித்த செல்லுலார் சிறை, சாத்தம் மர அறுவை ஆலை, மானுடவியல் அருங்காட்சியகம், வெற்றிமலை முருகன் கோவில். தமிழ்ச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை, ஊரில் அவ்வளவு தமிழர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்தமான் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் நம் கடிகாரம்தான். காலை ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம், மாலை ஆறுக்கெல்லாம் இருட்டு. ‘மாலை 6 மணிக்குக் கடற்கரை’ என்று திட்டத்தில் இருந்தால் டார்ச் எடுத்துப் போங்கள்.

முன்பணம் பற்றி: ‘இன்று மட்டும்’, ‘கடைசி ஓர் அறை’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கின்றன. ஆகஸ்டில் அந்தமானில் அறை கிடைக்காமல் போகாது. கால் பங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் ரசீது வரும்படி கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை வரவில்லை என்றால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கும். யாரோ ஒருவரின் செல்போன் எண்ணுக்கு ஜிபே செய்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போனால் ஆஃப் சீசன் விலை கிடைக்குமா? – வாசகர், திருச்சி

பதில்: கல்கத்தாக்காரர்களைப் பொறுத்தது. சிரிக்காதீர்கள். துர்கா பூஜை விடுமுறைக்கு வங்காளத்திலிருந்து அந்தமானுக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள். நம் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. பூஜை சில ஆண்டு அதே வாரத்தில் விழும், சில ஆண்டு அக்டோபர் நடுவே தள்ளிப்போகும். காலண்டரில் விஜயதசமி எப்போது என்று பாருங்கள். காலாண்டு விடுமுறைக்கு இரண்டு வாரமாவது தள்ளி இருந்தால் அறை மலிவாகக் கிடைக்கும். சேர்ந்து விழுந்தால் அந்தமானை மறந்துவிடுங்கள், விலையும் சீசன் விலை, வானமும் மழை வானம்.

பிள்ளைகள் சிறியவர்கள், நான்கு நாள் லீவு எடுத்தால் பரவாயில்லை என்றால், நான் பிப்ரவரியைச் சொல்வேன். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும், நம் கோடை விடுமுறை தொடங்கியிருக்காது, கடல் தட்டில் வைத்த பால் மாதிரி இருக்கும். ஆகஸ்டைவிட அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்கள்தான். படகு ஓடுமா என்று தினமும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: ஜூலையில் போனோம். ஹேவ்லாக் படகு ரத்து, ஒரு நாள் ஓட்டலும் வீண், திரும்பும் விமானமும் போய்விட்டது. ‘இயற்கைச் சீற்றம், எதுவும் திரும்ப வராது’ என்கிறார் ஏஜெண்ட். உண்மையா? – வாசகர், மதுரை

பதில்: பாதி உண்மை. புயலுக்காக நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதற்காக, கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணத்தை அவர் மடியில் கட்டிக்கொள்ளவும் முடியாது. நிறைவேற்ற முடியாமல்போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே (65ஆம் பிரிவு) சொல்கிறது.

படகிலிருந்து தொடங்குங்கள். டிக்கெட் எண்ணை வைத்து நீங்களே படகு நிறுவனத்திடம் கேளுங்கள், ‘இந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பிவிட்டதா?’ என்று. ஏஜெண்டின் கணக்குக்குப் போய்விட்டது என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. தங்காத ஓட்டல் இரவு கொஞ்சம் சிக்கல், நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. விமானம் நேரத்துக்குக் கிளம்பி நீங்கள்தான் போகவில்லை என்றால் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் போனதுதான். ஆனால் விமான நிலையப் பயனாளர் கட்டணம், வரிகள் திரும்பி வர வேண்டும், டிக்கெட் ‘நான் ரீஃபண்டபிள்’ ஆக இருந்தாலும்கூட. கேட்கிறவர்களுக்கு வரும், பலர் கேட்பதில்லை. விமான நிறுவனமே ரத்து செய்திருந்தால் கதை வேறு: மாற்று விமானம் அல்லது முழுப் பணம்.

ஏஜெண்டுக்கு மின்னஞ்சலில் 15 நாள் கெடு கொடுங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போட உரிமை உண்டு, போர்ட் பிளேருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கப்பலில் போனால் மிச்சமாகுமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: போக ஏறக்குறைய மூன்று நாள், வர மூன்று நாள். மழைக்காலத்தில், குடும்பத்தோடு? வேண்டாம். தனியாளாக, பிப்ரவரியில் என்றால் அனுபவம்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ஸ்கூபா (காற்றுக் குடுவையோடு கடலில் மூழ்குவது) முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள், செப்டம்பரில். – வாசகி, கோவை

பதில்: பாடி (PADI) போன்ற பெரிய ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதிப்படியே கடலில் ஸ்கூபாவுக்குக் குறைந்தது 10 வயது. ‘பத்துன்னு போட்டுக்கலாம் மேடம்’ என்கிறவரிடம் உங்கள் பிள்ளையின் காற்றுக் குழாயை ஒப்படைக்காதீர்கள். மேலும் செப்டம்பரில் தண்ணீர் கலங்கியிருக்கும். கொடுத்த காசுக்குப் பாதிப் பவளம்கூடத் தெரியாது.

கேள்வி: போர்ட் பிளேரில் வாங்கிய சங்கை விமான நிலையத்தில் பிடுங்கிவிட்டார்கள். கடையில் வாங்கியதுதானே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: பில் இருந்ததா என்பதுதான் அவர்கள் கேட்டிருக்கும் கேள்வி. பவளத்துக்கும் பல வகைச் சங்கு, சிப்பிகளுக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை உண்டு. கடற்கரையில் பொறுக்கியதென்றாலும் விட மாட்டார்கள். அனுமதிக்கப்பட்ட வகைகளை அரசின் சாகரிகா விற்பனையகத்தில் பில்லோடு வாங்கி, அந்தப் பில்லைக் கைப்பையில் வைத்திருங்கள். உங்களுக்கு விற்ற கடை தடை செய்யப்பட்ட வகை என்று சொல்லாமல் விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கும் அந்தப் பில்தான் வேண்டும்.